இலைச் சாறும் வெள்ளித் துகளும்: பசுமை வழி நானோ ஆய்வுகள் எங்கே நிற்கின்றன?

தாவரச் சாற்றால் வெள்ளி உப்பை நானோ துகளாக்க முடியும் என்பது இன்று யாரும் நிரூபித்துக் காட்ட வேண்டிய செய்தி அல்ல. வேம்பு, துளசி, சோற்றுக் கற்றாழை, நெல்லி, கீழாநெல்லி, மருதாணி, தேயிலை, எலுமிச்சம்புல் என நமக்குப் பெயர் தெரிந்த செடிகள் பலவும் வேதியியல் கூடத்துக்குள் போய்வந்துவிட்டன. தமிழ்நாட்டின் பல்கலைக்கழகங்களிலும் கல்லூரிகளிலும் இந்தப் பொருளில் முதுகலைத் திட்டக் கட்டுரைகளும் முனைவர் பட்ட ஆய்வேடுகளும் தொடர்ந்து எழுதப்படுகின்றன. விலை உயர்ந்த கருவிகள் இல்லாத கல்லூரியிலும் தொடங்கக்கூடிய ஆய்வு இது. அதனால் குடும்பத்தில் முதல் தலைமுறையாக ஆய்வுக்கு வரும் மாணவர்கள் பலருக்கு நானோ அறிவியலின் வாசலாக இருந்திருக்கிறது. அந்த உழைப்பை மதிப்பவர்கள் அதன் பலனையும் எடைபோட்டுப் பார்த்தாக வேண்டும். இருபதாண்டுகளில் எது உறுதிப்பட்டது? எது உறுதிப்படாமலே திரும்பத் திரும்ப எழுதப்படுகிறது? எதை இனிமேல்தான் கேட்க வேண்டும்?

நானோமீட்டர் என்பது ஒரு மீட்டரில் நூறு கோடியில் ஒரு பங்கு. 1 முதல் 100 நானோமீட்டர் வரை அளவுள்ளவற்றை நானோ துகள் என்கிறோம். ஒரு சென்டிமீட்டர் பக்கமுள்ள உலோகக் கனசதுரத்தின் மொத்தப் பரப்பு 6 சதுர சென்டிமீட்டர். அதே உலோகத்தை 10 நானோமீட்டர் பக்கமுள்ள கனசதுரங்களாகப் பிரித்தால் பரப்பு 600 சதுர மீட்டராகிவிடும். வேதிவினை நடப்பது பரப்பில்தான் என்பதால், கட்டியாக இருக்கும்போது மந்தமாக இருந்த உலோகம் இந்த அளவில் சுறுசுறுப்பாகிறது. நிறமும் மாறுகிறது. துகளின் எலக்ட்ரான்கள் ஒளியின் குறிப்பிட்ட அலைநீளத்தோடு ஒத்ததிர்வதால் வெள்ளிக் கூழ்மம் மஞ்சளாகவோ பழுப்பாகவோ, தங்கக் கூழ்மம் மாணிக்கச் சிவப்பாகவோ தெரியும். வெள்ளி 400 முதல் 450 நானோமீட்டர் வரையிலும், தங்கம் 520 நானோமீட்டரை ஒட்டியும் ஒளியை உறிஞ்சும். இலைச் சாறு ஊற்றியதும் கரைசல் பழுப்பாவதைத் துகள் உருவானதற்கான முதல் சான்றாக எல்லாக் கட்டுரைகளும் காட்டுவது இதனால்தான்.

தங்கக் கூழ்மத்தை அறிவியல் முறைப்படி முதலில் ஆராய்ந்தவர் மைக்கேல் ஃபாரடே. தங்க உப்பைப் பாஸ்பரஸால் ஒடுக்கி அவர் உண்டாக்கிய சிவப்புக் கரைசல்களைப் பற்றிய உரை 1857இல் வெளிவந்தது. அவற்றில் சில லண்டன் ராயல் இன்ஸ்டிடியூஷனில் இன்றும் இருக்கின்றன. 1951இல் ஜான் டர்கெவிச்சும் அவருடன் பணியாற்றியவர்களும் கொதிக்கும் தங்க உப்புக் கரைசலில் சோடியம் சிட்ரேட்டைச் சேர்த்து, ஏறத்தாழ ஒரே அளவுள்ள துகள்களைப் பெறும் வழியை வகுத்தனர். 1994இல் வந்த புரஸ்ட்–ஷிஃப்ரின் முறை சோடியம் போரோஹைட்ரைடையும் டொலுவீனையும் பயன்படுத்தியது. துகள்கள் மிகச் சிறிதாகவும் உறுதியாகவும் கிடைத்தன. ஆனால் கரைப்பானும் ஒடுக்கியும் நச்சுத்தன்மை கொண்டவை.

இங்கே ஒன்றைச் சொல்லியாக வேண்டும். இத்துறையின் கட்டுரைகளில் பெரும்பாலானவை, வேதிமுறைகள் நச்சானவை, ஆகவே இலைச் சாறு வேண்டும் என்றே முன்னுரை எழுதுகின்றன. தங்கத் துகளுக்கு உலகம் முழுவதும் மிக அதிகமாகக் கையாளப்படும் டர்கெவிச் முறையில் இருப்பதோ எலுமிச்சையில் உள்ள சிட்ரிக் அமிலத்தின் உப்பும் தண்ணீரும்தான். உணவிலேயே சேர்க்கப்படும் பொருள் அது. இலைச் சாற்றை ஒப்பிட வேண்டியது சிட்ரேட்டோடு. போரோஹைட்ரைடோடு மட்டும் ஒப்பிட்டு வெற்றியை அறிவிப்பது நேர்மையான ஒப்பீடு ஆகாது.

பசுமை வேதியியல் என்ற சிந்தனைக்கு வடிவம் கொடுத்தது பால் அனாஸ்டாஸ், ஜான் வார்னர் இருவரும் 1998இல் வெளியிட்ட நூல். கழிவை அகற்றுவதைவிட அது உண்டாகாமல் தடுப்பதே மேல் என்று தொடங்கும் பன்னிரண்டு கோட்பாடுகளை அது முன்வைத்தது. 2003இல் ரவீந்திரனும் அவருடைய அமெரிக்கச் சகாக்களும் குளுக்கோஸை ஒடுக்கியாகவும் ஸ்டார்ச்சை நிலைப்படுத்தியாகவும் வைத்து, இளஞ்சூட்டில், தண்ணீரிலேயே வெள்ளித் துகள்களைத் தயாரித்தனர். கரைப்பான், ஒடுக்கி, நிலைப்படுத்தி ஆகிய மூன்றையும் கேடில்லாதவையாகத் தேர்ந்தெடுக்க முடியும் என்று அது காட்டியது.

தாவரம் உள்ளே வந்ததும் ஏறக்குறைய இதே காலத்தில்தான். டெக்சாஸ் பல்கலைக்கழகத்தின் எல் பாசோ வளாகத்தில் கார்டியா-டொரெஸ்டே குழுவினர் தங்கம் கலந்த ஊடகத்தில் குதிரைமசால் செடியை வளர்த்து, உயிருள்ள செடிக்குள்ளேயே தங்க நானோ துகள்கள் உருவாவதை 2002இல் அறிவித்தனர். புணே தேசிய வேதியியல் ஆய்வகத்தில் முரளி சாஸ்திரியின் குழு அப்போது பூஞ்சைகளைக் கொண்டு இதே வேலையைச் செய்துகொண்டிருந்தது. பூஞ்சையை வளர்க்க வேண்டும், தூய்மையாகப் பராமரிக்க வேண்டும், வினைக்கு நாட்கணக்கில் காத்திருக்க வேண்டும். அந்தக் குழு 2003இல் ஜெரேனியம் இலைச் சாற்றால் சில மணி நேரத்தில் வெள்ளித் துகள்களைப் பெற்றது. 2004இல் வேப்பிலைச் சாற்றால் வெள்ளியும் தங்கமும், இரண்டு உப்பும் சேர்ந்த கரைசலில் தங்க மையத்தின் மேல் வெள்ளி படிந்த இரட்டை உலோகத் துகள்களும் கிடைத்தன. அதே ஆண்டு எலுமிச்சம்புல் சாற்றால் தட்டையான முக்கோணத் தங்கத் துகள்களை உண்டாக்கியதை 'நேச்சர் மெட்டீரியல்ஸ்' இதழ் வெளியிட்டது. இந்த முக்கோணங்கள் அகச்சிவப்புக் கதிரை உறிஞ்சுபவை. சாறு வெறும் ஒடுக்கியாக நிற்காமல் துகளின் வடிவத்தையும் தீர்மானிக்க முடியும் என்பதே இந்த ஆய்வின் கண்டுபிடிப்பு. அதன் பிறகு வந்த கட்டுரைகளில் பலவும் வேப்பிலை ஆய்வின் அச்சில் செடியை மட்டும் மாற்றியவை. எலுமிச்சம்புல் ஆய்வு எழுப்பிய கேள்வியைத் தொடர்ந்தவர்கள் குறைவு.

சாற்றுக்குள் நடப்பது என்ன? வெள்ளி அயனி ஓர் எலக்ட்ரானைப் பெற்று நடுநிலை அணுவாகிறது. அணுக்களின் செறிவு ஒரு வரம்பைத் தாண்டும்போது கருக்கள் தோன்றுகின்றன. மற்ற அணுக்கள் அவற்றின் மேல் படிந்து துகள் வளர்கிறது. 20 நானோமீட்டர் விட்டமுள்ள ஒரு வெள்ளித் துகளில் சுமார் இரண்டரை லட்சம் அணுக்கள் இருக்கும். வளர்ச்சியை ஏதாவது ஒன்று நிறுத்தாவிட்டால் எல்லாம் சேர்ந்து கறுப்பு வண்டலாக அடியில் படிந்துவிடும். எலக்ட்ரானைக் கொடுக்கும் வேலையைப் பாலிஃபீனால்கள், ஃபிளவனாய்டுகள், அஸ்கார்பிக் அமிலம், ஒடுக்கும் சர்க்கரைகள் ஆகியவை செய்கின்றன. துகளைச் சுற்றிப் போர்த்தி ஒன்றோடொன்று ஒட்டாமல் தடுக்கும் வேலையைப் புரதங்களும், பல்சர்க்கரைகளும், ஆக்சிஜனேற்றம் அடைந்த அந்தப் பாலிஃபீனால்களுமே செய்கின்றன. ஒரே சாற்றில் ஒடுக்கியும் நிலைப்படுத்தியும் சேர்ந்தே இருப்பதுதான் இந்த முறையின் உண்மையான அழகு.

இந்த விளக்கம் பெரும்பாலான கட்டுரைகளில் ஊகமாகவே நிற்கிறது. அகச்சிவப்பு நிறமாலையில் ஹைட்ராக்சில் தொகுதிக்கும் கார்பனைல் தொகுதிக்கும் உரிய பட்டைகள் தெரிகின்றன, ஆகவே பாலிஃபீனால்களும் புரதங்களும் காரணம் என்று எழுதி முடித்துவிடுகிறார்கள். எந்த இலையை எடுத்தாலும் அந்தப் பட்டைகள் தெரியும். காரணம் எந்த மூலக்கூறு என்று காட்ட வேண்டுமானால் அதைச் சாற்றிலிருந்து பிரித்தெடுத்து, தனியே வினைப்படுத்திப் பார்க்க வேண்டும். சென்னைப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2009இல் இதைச் செய்து காட்டினார்கள். கீழாநெல்லியிலிருந்து ஃபில்லாந்தின் என்ற சேர்மத்தையும், மருதாணி இலையிலிருந்து ஏபியின் என்ற ஃபிளவனாய்டையும் பிரித்தெடுத்து, அவற்றைக் கொண்டே வெள்ளி, தங்கத் துகள்களைத் தயாரித்தனர். பிரித்தெடுத்த பொருளின் அளவைக் கூட்டிக் குறைத்தபோது துகளின் அளவும் வடிவமும் மாறின. என் மதிப்பீட்டில், புதிய செடி ஒன்றின் பெயரோடு வரும் நூறு கட்டுரைகளைவிட இத்தகைய ஒன்று அதிகம் கற்றுத்தருகிறது.

கார அமில நிலையும் வெப்பநிலையும் வினையை எப்படி மாற்றுகின்றன என்பது ஓரளவு தெளிவாகிவிட்டது. கரைசல் காரமாகும்போது ஃபீனால்கள் புரோட்டானை இழந்து எளிதில் எலக்ட்ரான் தருகின்றன. வினை வேகமாகிப் பல கருக்கள் ஒரே நேரத்தில் தோன்றுவதால் துகள்கள் பொதுவாகச் சிறியதாகின்றன. சூடும் வேகத்தைக் கூட்டுகிறது.

எல்லா உலோகங்களும் இலைச் சாற்றுக்கு வசப்படுபவை அல்ல. இதைச் சொல்லக் கருவி எதுவும் தேவையில்லை, பள்ளிப் பாடப் புத்தகத்தில் இருக்கும் மின்வேதி வரிசையே போதும். திட்ட ஒடுக்க மின்னழுத்தம் தங்கத்தின் குளோரைடு அயனிக்கு ஏறத்தாழ +1.00 வோல்ட், வெள்ளிக்கு +0.80, செம்புக்கு +0.34, இரும்புக்கு −0.44, துத்தநாகத்துக்கு −0.76. பாலிஃபீனால்கள் மென்மையான ஒடுக்கிகள். தங்கமும் வெள்ளியும் அவற்றுக்கு எளிதில் இணங்கும். செம்பு தயங்கும், உருவானாலும் காற்றில் ஆக்சைடாகும். இரும்பை உலோக நிலைக்குக் கொண்டுவருவது அவற்றின் சக்திக்கு அப்பாற்பட்டது. 2009இல் ராஜேந்தர் வர்மா உள்ளிட்ட அமெரிக்க ஆய்வாளர்கள் பச்சைத் தேயிலைச் சாற்றையும் இரும்பு உப்பையும் கலந்து பெற்ற கறுப்புத் துகள்கள் சாய மாசைச் சிதைக்கின்றன என்று காட்டியபோது பெரும் வரவேற்பு கிடைத்தது. பின்னர் நடந்த ஆய்வுகள் அத்தகைய தயாரிப்புகளில் இருப்பது பெரும்பாலும் இரும்பு–பாலிஃபீனால் கூட்டுப்பொருள் என்று கண்டன. கலம்காரித் துணியில் கடுக்காய்ச் சாறும் இரும்புக் கரைசலும் சேர்ந்து கறுப்பைத் தருவதும் இதே வேதியியல்தான். அந்தக் கூட்டுப்பொருள் மாசை நீக்கினால் அது பயனுள்ளதே. ஆனால் அதை உலோக இரும்பு என்று எழுதுவது தவறு.

துத்தநாக ஆக்சைடு விஷயத்தில் குழப்பம் இன்னும் பெரிது. துத்தநாக உப்போடு சாற்றைச் சேர்த்து, வரும் பசையை மஃபிள் உலையில் 400, 500 டிகிரி செல்சியஸில் சுடுகிறார்கள். அங்கே துத்தநாகம் ஒடுக்கப்படவே இல்லை; முதலிலும் முடிவிலும் அதன் ஆக்சிஜனேற்ற எண் +2தான். அந்த வெப்பத்தில் இலையின் கரிமப் பொருள் பெரும்பாலும் எரிந்து போயிருக்கும். அப்படியிருக்க, மூலிகை மூலக்கூறுகள் போர்த்திய துகள் என்று எழுதி அதற்கு மருத்துவ குணத்தையும் ஏற்றிச் சொல்வது எப்படிப் பொருந்தும்?

உருவானது என்ன என்பதை உறுதிசெய்யும் இடத்தில்தான் இத்துறை மிகவும் தளர்ந்திருக்கிறது. உலோக வெள்ளியின் எக்ஸ் கதிர் விளிம்பு விளைவுப் படத்தில் 38.1, 44.3, 64.4, 77.4 டிகிரியில் உச்சிகள் வர வேண்டும். வெளிவந்த படங்கள் பலவற்றில் 27.8, 32.2, 46.2 டிகிரியிலும் உச்சிகள் நிற்கின்றன. அவை வெள்ளி குளோரைடுக்கு உரியவை. இலைகளில் குளோரைடு இயல்பாகவே உண்டு. வெள்ளி நைட்ரேட்டைச் சேர்த்ததும் அதன் ஒரு பகுதி குளோரைடாக வீழ்படிவதில் வியப்பில்லை. அந்த உச்சிகளை அடையாளம் தெரியாத கரிமப் பொருளின் உச்சிகள் என்று கடந்துபோகும் வழக்கம் நிற்க வேண்டும். வெள்ளி குளோரைடு ஒளியில் சிதைந்து வெள்ளியாவதும் தெரிந்ததே. ஆகவே வெயிலில் வைத்துச் செய்த சோதனைக்கு இருட்டில் வைத்த இணைச் சோதனை கட்டாயம் வேண்டும். துகளின் அளவை உச்சியின் அகலத்திலிருந்து கணக்கிடும் ஷெரர் சமன்பாடு படிகத்தின் அளவை மட்டுமே தரும். முழுத் துகளின் அளவுக்கு எலக்ட்ரான் நுண்ணோக்கியில் நூற்றுக்கணக்கான துகள்களை அளந்து பரவலைக் காட்ட வேண்டும்.

நுண்ணுயிர்க் கொல்லி என்ற பயன்பாடே அதிகம் பேசப்படுவது. வட்டத் தாளைத் துகள் கரைசலில் நனைத்து அகார் தட்டில் வைத்து, சுற்றிலும் பாக்டீரியா வளராத வளையத்தை மில்லிமீட்டரில் அளக்கிறார்கள். அகாருக்குள் துகள் எளிதாகப் பரவாது, அயனி பரவும். சரியாகக் கழுவாத துகளில் மிச்சமிருக்கும் வெள்ளி நைட்ரேட்டே வளையத்தை உண்டாக்கியிருக்கலாம். 2012இல் ரைஸ் பல்கலைக்கழகத்தில் பெட்ரோ அல்வாரெஸ் குழுவினர் வெள்ளித் துகள்களைக் காற்றில்லாச் சூழலில் சோதித்தனர். ஆக்சிஜன் இல்லாததால் வெள்ளி அயனியாக வெளிவரவில்லை, பாக்டீரியாவும் சாகவில்லை. கொல்வது முக்கியமாக அயனியே என்று அதிலிருந்து தெரிந்தது. ஆகவே கழுவிய நீரையும், அதே செறிவுள்ள வெள்ளி நைட்ரேட்டையும், தனிச் சாற்றையும் பக்கத்தில் வைக்காத சோதனையால் துகளின் தனித் திறனை நிறுவ முடியாது.

வெள்ளிக்கும் எதிர்ப்பு உருவாகும். 1975இலேயே பாஸ்டன் நகர மருத்துவமனை ஒன்றின் தீக்காயப் பிரிவில் வெள்ளி நைட்ரேட்டுக்கு அடங்காத சால்மோனெல்லா பதிவாகியிருக்கிறது. செக் நாட்டின் ஒலோமோட்ஸில் பனாசெக் குழுவினர் 2018இல் வெளியிட்ட ஆய்வு இன்னும் நுட்பமானது. வெள்ளித் துகளுக்குத் திரும்பத் திரும்ப ஆளான எ.கோலி, ஃபிளஜெலின் என்ற புரதத்தைச் சுரந்து துகள்களைத் திரளச் செய்து செயலிழக்க வைத்தது. மாதுளைத் தோல் சாறு அந்தப் புரத உற்பத்தியைத் தடுத்தபோது துகள்கள் மறுபடி வேலை செய்தன. தாவரச் சாற்றுக்கு இத்துறையில் ஒடுக்கி என்பதைத் தாண்டிய வேலைகளும் இருக்கின்றன என்பதற்கு இது நல்ல சான்று.

இனி, இந்த முறை உண்மையில் எவ்வளவு பசுமையானது என்ற கேள்வி. வழக்கமான செய்முறையையே கணக்குப் போட்டுப் பார்க்கலாம். 10 கிராம் இலையை 100 மில்லி நீரில் கொதிக்கவைத்து, அதில் 10 மில்லியை 90 மில்லி வெள்ளி நைட்ரேட் கரைசலில் சேர்க்கிறோம். கரைசலின் செறிவு லிட்டருக்கு ஒரு மில்லிமோல். முழு வெள்ளியும் துகளானாலும் கிடைப்பது 10 மில்லிகிராமுக்குள்தான். ஒரு கிலோ வெள்ளித் துகள் வேண்டுமானால் 10,000 லிட்டருக்கு மேல் கரைசல் வேண்டும், 100 கிலோ இலை வேண்டும், 1,000 லிட்டர் நீரைக் கொதிக்கவைக்க வேண்டும். பிறகு அந்த 10,000 லிட்டரையும் மையவிலக்கியில் சுழற்றிப் பிரித்து, கழுவி, மறுபடி சுழற்ற வேண்டும். கழிவாக வெளியேறும் நீரில் இலையின் கரிமப் பொருளும் நைட்ரேட்டும் மிச்ச வெள்ளியும் இருக்கும். வெள்ளி நைட்ரேட்டே வெள்ளியை நைட்ரிக் அமிலத்தில் கரைத்துத் தயாரிக்கப்படுவது என்பதும் கணக்கில் சேர வேண்டும். விர்ஜீனியா டெக் ஆய்வாளர்கள் 2014இல் தங்கத் துகள் தயாரிப்பு முறைகளின் முழு வாழ்க்கைச் சுழற்சியைக் கணக்கிட்டபோது, ஒடுக்கி எதுவாக இருந்தாலும் தங்கத்தைப் பெறுவதற்கான ஆற்றலே மற்ற எல்லாவற்றையும் விஞ்சி நின்றது. ஒடுக்கியை மாற்றுவதைவிட, போட்ட உலோகத்தில் எவ்வளவு துகளானது என்ற விளைச்சலே பெரிய வேறுபாட்டை உண்டாக்குகிறது. அந்த விளைச்சலைத்தான் பெரும்பாலான கட்டுரைகள் தருவதே இல்லை.

ஒரே செடியின் சாறு எப்போதும் ஒன்றாக இருக்காது. சித்திரையில் பறித்த வேப்பிலைக்கும் ஐப்பசியில் பறித்ததற்கும், கரிசல் மண்ணின் மரத்துக்கும் செம்மண்ணின் மரத்துக்கும் பாலிஃபீனால் அளவு வேறுபடும். இதைக் கட்டுப்படுத்தாமல் தொழிற்சாலைக்குப் போக முடியாது. குறைந்தது சாற்றின் மொத்த ஃபீனால் அளவையும் குளோரைடு அளவையும் குறிப்பிட வேண்டும். செடியின் சான்று மாதிரியை ஓர் உலர் தாவரகத்தில் ஒப்படைத்து எண்ணைத் தர வேண்டும். கோவையில் இந்தியத் தாவர ஆய்வகத்தின் தென் மண்டல மையமும் திருச்சியில் ராபினாட் தாவரகமும் இருக்கும்போது, நம் மாணவர்களுக்கு இது எட்டாத வேலை அல்ல.

சித்த மருத்துவத்தின் பற்பங்களையும் செந்தூரங்களையும் இந்த ஆய்வோடு சேர்த்துப் பேசுவதும் பரவிவருகிறது. அவை மூலிகைச் சாற்றில் அரைத்துப் பலமுறை புடமிட்டுப் பெறப்படுபவை. நீரில் அயனியை ஒடுக்கும் இந்த முறைக்கும் அதற்கும் வழி வேறு, வரும் பொருளும் வேறு. ஒன்றின் பெருமையை மற்றொன்றுக்குச் சான்றாக்காமல், புட முறையை அதற்கேற்ற கருவிகளால் தனியே ஆராய்வதுதான் அந்த மரபுக்கும் நாம் செய்யும் மரியாதை.

ஆய்வகத்திலிருந்து வீட்டுக்கு வந்த ஒன்று இங்கேயே இருக்கிறது. சென்னை ஐ.ஐ.டி.யில் டி. பிரதீப்பின் குழு 2013இல் வெளியிட்ட நீர் வடிகட்டிப் பொருளில், இறால், நண்டு ஓடுகளிலிருந்து கிடைக்கும் கைட்டோசானும் அலுமினிய ஆக்சிஹைட்ராக்சைடும் சேர்ந்த கூண்டுக்குள் வெள்ளித் துகள்கள் பொதிந்திருந்தன. தயாரிப்பு முழுவதும் நீரில், அறை வெப்பநிலையை ஒட்டி நடந்தது. வெளியேறும் வெள்ளி லிட்டருக்குச் சுமார் 40 மைக்ரோகிராம். குடிநீரில் ஏற்கத்தக்கதாக உலக சுகாதார நிறுவனம் சொல்லும் 100 மைக்ரோகிராமுக்குள் அது அடங்குகிறது. இதில் இலைச் சாறு இல்லை. ஆனால் வெளியேறும் அயனி எவ்வளவு, எத்தனை நாள் தாங்கும், குடிப்பவருக்குப் பாதுகாப்பானதா என்ற கேள்விகள் தொடக்கத்திலிருந்தே கேட்கப்பட்டன. இலைச் சாற்று ஆய்வுகள் இந்த ஒழுங்கைத்தான் கற்றுக்கொள்ள வேண்டும். நானோ மருந்துகளை மதிப்பிடுவதற்கான வழிகாட்டு நெறிகளை இந்திய உயிரித் தொழில்நுட்பத் துறை 2019இல் வெளியிட்டுவிட்டது. புற்றுநோய் செல்களைத் தட்டில் கொன்றதாக எழுதுபவர்கள் அதைப் படித்துவிட்டு எழுதுவது நல்லது.

ஆய்வு வழிகாட்டிகளுக்கு ஒரு வேண்டுகோள். அடுத்து வரும் மாணவருக்குப் புதிய செடியைத் தேடாதீர்கள். ஏற்கெனவே வெளிவந்த ஒரு வேப்பிலைக் கட்டுரையைக் கொடுத்து, மூன்று ஊர் இலையில், இரண்டு பருவங்களில், இருட்டிலும் ஒளியிலும், சிட்ரேட் முறையையும் பக்கத்தில் வைத்துச் செய்யச் சொல்லுங்கள். விளைச்சலை அளக்கச் சொல்லுங்கள். பலித்ததோடு பலிக்காததையும் ஆய்வேட்டில் எழுத அனுமதியுங்கள்.